ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்தேன், கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்

எங்கள் பக்கத்தில் இரத்ததானம் புதிய விஷயம் இல்லை. விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா, யாராவது ஒருவரின் நினைவுநாள், பாடசாலை நிகழ்வு, எது வந்தாலும் மண்டபத்தில் கட்டில்களைப் போட்டு ஒரு முகாம் வைத்துவிடுவார்கள், பெடியளும் பெட்டையளும் வரிசையில் நின்று கொடுப்பார்கள். காயப்பட்டவர்களுக்கு ஏற்ற இரத்தம் இல்லாமல் தவித்த காலத்தைக் கண்ட ஊர் இது, அதனால் இரத்தம் வேணும் என்றால் இரண்டாம் முறை கேட்க வைப்பதில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு இரத்தம் வேணும் என்று கேட்டுப் பாருங்கள், அதே ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆருக்குப் போகுது? என்னத்துக்கு? வெளிநாட்டுக்கு விக்கப் போறாங்களோ?

நான் கொடுத்தேன். அது தெரிந்த நாளிலிருந்து கிளிநொச்சிச் சந்தையிலும் பாடசாலை ஓய்வறையிலும் கேள்விக்கு மேல் கேள்வி, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் சின்ன விஷயம். முகாமில் எடுப்பது ஒரு பை, கிட்டத்தட்ட 450 மில்லிலீற்றர். ஆராய்ச்சிக்கு என்னிடம் எடுத்தது சில ரியூப்கள், எல்லாம் சேர்த்து 50 மில்லிலீற்றர் வரும். ஊசி குத்தும் நோ அதே நோதான். தலைசுற்று, களைப்பு ஒன்றும் இல்லை, அன்றைக்கு மத்தியானமே வகுப்பு எடுத்தேன். நேரம் போனது ஊசியில் இல்லை, அதற்கு முன்னால் கேட்ட கேள்விகளில். கடைசி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்ததா, தடுப்பூசி ஏதும் போட்டதா, நோவுக்கு மாத்திரை எடுத்ததா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எங்கள் ஊர் ஆட்கள் பலர் திரும்பிப் போனார்கள். வயல் வேலை முடிந்து உடம்பு நொந்தால் பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுவது இங்கே வழக்கம். அந்த மாத்திரை உடம்பில் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கிறது, அழற்சியை மூட்டிவிடும் சமிக்ஞைகளில் அதுவும் ஒன்று. ஆராய்ச்சி பார்க்க வந்ததே அழற்சியை என்னும்போது, அதை அடக்கி வைத்த இரத்தத்தைக் கொண்டுபோய் என்ன செய்வது? ஆகவே தயவுசெய்து மறைக்காதீர்கள். போட்ட மாத்திரையைச் சொன்னால் ஒருவரும் ஏச மாட்டார்கள், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

சரி, அழற்சி என்றால் என்ன என்பதற்கு நான் புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பெரியம்மா இருக்கிறார்.

பெரியம்மாவின் வலது தோள்பட்டையில் ஒரு பீஸ், அதாவது வெடித்த செல்லின் இரும்புத் துண்டு, இருக்கிறது. போரின் கடைசிக் காலத்தில் மாத்தளனில் செல் (எறிகணை) விழுந்தபோது ஏறியது. பிறகு வவுனியாவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், நரம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எடுக்கப்போனால் கை விளங்காமல் போகலாம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வன்னியில் இப்படி உடம்பில் இரும்போடு வாழ்கிறவர்களை ஒவ்வொரு ஊரிலும் காணலாம். அதிகமான நாட்களில் அது அங்கே கிடப்பதே தெரியாது. சில நாட்களில் மட்டும் அந்த இடம் சிவக்கும், கை வைத்தால் சுடும், வீங்கும், நோகும். கிட்டத்தட்ட 2000 வருடத்துக்கு முன்னர் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் அழற்சிக்கு எழுதி வைத்த அடையாளங்கள் இந்த நாலும்தான்: சிவப்பு, வீக்கம், சூடு, நோ. பெரியம்மா சட்டையின் கழுத்துப் பட்டியை விலக்கிக் காட்டும்போது நாலையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், ஒரு ஐம்பது சத நாணய அளவு இடம், நடுவில் மினுங்குகிற பழைய தழும்பு.

உள்ளே நடப்பது என்னவென்றால், வெளிப்பொருள் ஒன்று உடம்புக்குள் வந்தவுடன் சில மணித்தியாலத்துக்குள் அங்கே ஓடிவருவது நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள். அவை கிருமியை விழுங்கும், நச்சுப் பொருள்களைக் கக்கும், தேவையென்றால் தங்கள் டி.என்.ஏ.யையே வலையாக வெளியே வீசிக் கிருமியைப் பிடிக்கும், இந்த வலை கண்டுபிடிக்கப்பட்டதே 2004 இல்தான். அதற்குப் பின்னால் மொனோசைற்றுகள் வரும், இழையத்துக்குள் போய் மக்ரோபேஜ்களாக மாறும். கிருமி என்றால் தின்று முடித்துவிடும். இரும்பை என்ன செய்வது? தின்ன முடியாது. அப்போது பல மக்ரோபேஜ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பல கருக்கள் கொண்ட பெரிய கலமாகும், அதைச் சுற்றி நார் இழையம் வளர்ந்து இரும்பை உறை போட்டு மூடப் பார்க்கும். பெரியம்மாவின் தோளில் இத்தனை வருடமாக நடக்கிற வேலை இது.

1882 இல் மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி போல உடம்பு தெரியும் நட்சத்திரமீன் குடம்பிக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றிக் கலங்கள் கூடியிருந்தன. உடம்பு தன்னைத் தானே காக்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாக எடுத்தார், 1908 இல் அவருக்கும் போல் எர்லிக் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது நான் முள் என்பதோடு பீஸையும் சேர்த்துச் சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும், வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் இருக்கிறார்கள்.

என்னிடம் இரத்தம் கேட்டதும் அப்படிப் படித்த ஒரு பெடியன்தான். இப்போது யாழ்ப்பாணத்தில் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடப் படிப்பு) முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு வேலை செய்கிறான். அவர்கள் பார்ப்பது மூட்டுவாதம், அதாவது காலையில் எழும்பினால் கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி இறுகிப்போய், காக்க வேண்டிய வெண்குழியங்களே சொந்த மூட்டைத் தாக்குகிற வருத்தம்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே தம்பி, என்ர இரத்தம் என்னத்துக்கு?"

"அதுக்காகத்தான் ரீச்சர் உங்களிட்டக் கேக்கிறம். வருத்தக்காரர் கிளினிக்குக்கு வருவினம். சுகமா இருக்கிற ஆக்கள்தான் எங்களுக்குக் கிடைக்கிறேல்ல."

யோசித்துப் பார்த்தால் சரிதான். நோயாளியின் நியூட்ரோபில் கோபமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால், நோய் இல்லாதவரின் நியூட்ரோபில் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதே வயது, அதே வெயில், அதே சாப்பாடு, அதே தண்ணீர். அந்த ஒப்பீட்டு ஆள் கொழும்பிலோ லண்டனிலோ இருந்தால், வேறுபாடு நோயால் வந்ததா வாழும் இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இதில் விளையாட்டு இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். ஆபிரிக்க வம்சாவளியினர் பலருக்கும் சில அரபு, யெமன் யூத மக்களுக்கும் இரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. டஃபி என்ற இரத்த வகையோடு சம்பந்தப்பட்ட மரபணு வேறுபாடு அது, அவர்களுக்கு அதனால் தொற்று நோய் கூடுவதும் இல்லை. ஆனால் லாப் ரிப்போர்ட்டில் 'சாதாரண அளவு' என்று அச்சடித்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் இரத்தத்திலிருந்து வந்தவை. அதனால் சுகமாக இருந்தவர்களையே குறைபாடு என்று சொல்லி எலும்பு மச்சை வரை குத்திப் பார்த்திருக்கிறார்கள், மருந்தின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். மற்றவர்களின் உடம்பை வைத்துப் போட்ட அளவுகோலில் எங்கள் பிள்ளைகளை அளக்கக்கூடாது என்று நினைக்கிறவர்கள், அளவுகோல் போடும் இடத்துக்கு நாங்கள் போகத்தான் வேண்டும். ஊசிக்குக் கையை நீட்டாமல் அது நடக்காது.

எங்கள் வயல்களில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. சேற்றில் இறங்குகிறவர்களுக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது எவ்வளவு பயந்தோம், கடைசியில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. ஒரே வயலில், ஒரே வாய்க்கால் தண்ணீரில் நின்ற இரண்டு சகோதரர்களில் ஒருவருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போகிறது, மற்றவருக்குச் சிறுநீரகமும் நுரையீரலும் அடிபடுகிறது. கிருமி ஒன்றுதான், வேறுபட்டது அவரவர் உடம்பு அதற்கு என்ன பதில் சொன்னது என்பது. டெங்குவும் அப்படித்தான். 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, எங்கள் வகுப்பறைகளில் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்த வருடம் அது. டெங்குவில் ஆளைக் கொண்டுபோவது பல நேரம் காய்ச்சல் இறங்குகிற கட்டம், இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிய ஆரம்பிக்கும் நேரம், அதற்குப் பின்னால் நிற்பதும் நோயெதிர்ப்புக் கலங்கள் விடுகிற இரசாயனங்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு டெங்கு நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து இதைத்தான் பார்த்தது. இரத்தக் குழாயைக் கசியவைக்கும் பொருள் ஒன்றை அதில் கண்டு, அதைத் தடுக்கக்கூடிய, ஏற்கனவே ஒவ்வாமைக்குப் பாவனையில் இருந்த ருபட்டடின் என்ற மாத்திரையை நோயாளிகளிடமே பரிசோதித்தும் பார்த்தார்கள். காய்ச்சலோடு கிடந்த யாரோ ஆட்கள் கையை நீட்டியிருக்காவிட்டால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மூட்டுவாதத்தின் கதையும் இதுதான். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இருவர் நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த கலங்களை வளர்த்துப் பார்த்து, ரி.என்.எஃப். என்ற ஒரு புரதத்தை அடைத்தால் மற்ற அழற்சிப் பொருள்களும் இறங்குவதைக் கண்டார்கள். 1992 இல் முதன்முதலாக நோயாளிகளுக்கு அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள், எழும்ப முடியாமல் கிடந்தவர்கள் நடந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க அந்த வகை மருந்து பாவிக்கிறார்கள்.

பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது லாப்பையும் பார்த்துவிட்டு வந்தேன், அவனே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். காலையில் வெள்ளெனவே ஊருக்கு வந்து இரத்தம் எடுப்பதற்கு ஒரு காரணம் அங்கேதான் விளங்கியது. நியூட்ரோபில்லுக்கு ஆயுள் குறைவு, இரத்தத்தில் ஒரு நாளைக்கு மேல் நிற்பது அரிது, எங்கள் எலும்பு மச்சை நாளுக்குச் சுமார் 10,000 கோடி புதிதாகச் செய்து அனுப்புகிறது. மற்றக் கலங்களைத் திரவ நைதரசனில், சைபருக்குக் கீழே 196 பாகையில் வருடக் கணக்கில் வைக்கலாம், நியூட்ரோபில்லை அப்படி வைத்து எடுத்தால் வேலைக்கு ஆகாது. குலுக்கினால் சண்டை வந்துவிட்டது என்று நினைத்து விழித்துக்கொள்ளும், ஐஸில் வைப்பதும் நல்லதல்ல. அதனால் இரத்தத்தை எடுத்த கையோடு, குலுங்காமல், ஏ9 வீதியில் வடக்கே கொண்டு ஓட வேண்டும்.

லாப்பில் ஒரு ரியூபில் ஃபிக்கோல் என்ற தெளிந்த திரவத்தை விட்டு, அதன்மேல் இரத்தத்தை ரியூபின் ஓரத்தால் சொட்டுச் சொட்டாக வழிய விடுகிறார்கள், கலக்கக்கூடாது. கை நடுங்காமல் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. பிறகு சுழற்றும் இயந்திரத்தில் அரை மணித்தியாலம் மட்டில் சுற்றும். முடியும்போது பிறேக் பிடிக்காமல் தானாக ஓய்ந்து நிற்க விடுவார்கள், சடாரென்று நிறுத்தினால் படைகள் குழம்பிவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் கடும் சிவப்பு, நடுவில் ஆறிய கஞ்சியில் படர்கிற ஆடை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை வளையம். லிம்போசைற்றும் மொனோசைற்றும் அந்த வளையத்துக்குள் இருக்கின்றன. இந்த முறையை 1968 இல் நோர்வேயில் போயும் என்பவர் எழுதிவைத்தார், இன்றைக்கும் அதையேதான் செய்கிறார்கள். நியூட்ரோபில் செங்குழியங்களோடு அடியில் போய்விடும், செங்குழியங்களை உடைத்து நியூட்ரோபில்லைத் தனியாக எடுப்பார்கள். பிறகு பக்ரீரியாவின் சுவரில் உள்ள ஒரு பொருளைக் கலங்களுக்கு மேல் விட்டு, கிருமி வந்துவிட்டது என்று நம்பவைத்து, அவை எவ்வளவு ரி.என்.எஃப். விடுகின்றன என்று அளக்கிறார்கள். உண்மையான கிருமி ஒன்றும் இல்லாமலே என் கலங்கள் அங்கே சண்டை போட்டிருக்கின்றன. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் அந்த வளையத்துக்கு வருவது ஏறத்தாழ 10 இலட்சம் கலம். அதில்தான் நாள் முழுக்க வேலை.

இதையெல்லாம் எழுதினாலும், கூப்பிடுகிற எல்லாருக்கும் கையை நீட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மீள்குடியேறிய காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு குழு வந்து, சிறுநீரக வருத்தம் பார்க்கிறோம் என்று வரிசையாக இரத்தம் எடுத்தது. ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். முடிவு ஒன்றும் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டு ஐயா இன்னமும் கேட்கிறார், "அந்த ரிப்போட் என்னவாம் பிள்ளை?" என்று, பதில் சொல்ல எவரும் இல்லை. பதிவு, விண்ணப்பம், ஆய்வு என்று 2009 க்குப் பிறகு நாங்கள் கையெழுத்து வைத்த தாள்களைக் கணக்கெடுக்க முடியாது, வாங்கிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆகவே சனம் சந்தேகப்படுவது அறியாமை இல்லை, அனுபவம். அமெரிக்காவில் 1951 இல் ஹென்றியற்றா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்களை அவரைக் கேட்காமலே எடுத்து உலகம் முழுக்க வளர்த்தார்கள், அவர் இறந்து இருபது வருடம் கழித்துத்தான் பிள்ளைகளுக்கே தெரியவந்தது.

அதனால் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே, படிவம் தமிழில் இருக்கிறதா, என் பெயர் ரியூபில் போகிறதா இலக்கம் போகிறதா, மிஞ்சும் கலத்தை எத்தனை வருடம் வைப்பீர்கள், நாட்டை விட்டு வெளியே போகுமா, மரபணு பார்ப்பீர்களா, நாளைக்கு வேண்டாம் என்றால் எடுத்து எறிவீர்களா? இந்தக் குழு ஒவ்வொன்றுக்கும் இருந்து பதில் சொன்னது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் மரபணு ஆய்வுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்தார்கள். உள்நாட்டில் பாவிக்கச் சம்மதம் என்று போட்டேன், வெளியே அனுப்புவதென்றால் அந்த நேரம் என்னைத் திரும்பவும் கேட்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள். காசு தரவில்லை, வந்து போன பஸ் செலவு மட்டும் தந்தார்கள், அது நியாயம். காசுக்காக ஒருவர் காய்ச்சலை மறைத்துவிட்டு வரக்கூடாது. ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் எழும்பிப் போங்கள், நீங்கள் ஒன்றையும் இழக்கவில்லை.

பெரியம்மாவும் கொடுக்க வந்தார். நோவு மாத்திரை எடுக்கிறபடியால் அவரைச் சேர்க்கவில்லை, வயதும் அவர்கள் வைத்த எல்லையைத் தாண்டிவிட்டது. விடவில்லை, பெடியனை நிற்பாட்டிக் கேட்டார்:

"எனக்கும் என்னோட காயப்பட்டவளுக்கும் ஒரே நாள், ஒரே செல். அவளுக்கு உள்ளுக்க கிடக்கிறதே தெரியேல்ல, எனக்கு மட்டும் ஏன் தம்பி இண்டைக்கும் சீழ் கட்டுது?"

"எங்கட ஆராய்ச்சியில அதுக்குப் பதில் இல்லை அம்மா. ஆனா நல்ல கேள்வி, நான் சேரிட்டச் சொல்லுறன்." சொன்னதோடு நிற்காமல் கொப்பியை எடுத்து எழுதியும் கொண்டு போனான்.

முதல் முடிவுகள் வந்ததும் ஊரில் ஒரு கூட்டம் வைத்துத் தமிழில் சொல்வோம் என்று குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. காலபோக அறுவடை முடிந்த பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் இரத்தம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வயலில் நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். திகதி தெரிந்தவுடன் இங்கே போடுவேன். அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், காய்ச்சல் வந்து போனவர்கள் இரண்டு கிழமை பொறுங்கள், முதல் நாள் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.